ஔரங்கசீப்பைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: செஞ்சியிலிருந்து ஒரு வழி

ஔரங்கசீப்பைப் பற்றிப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அவர் நல்லவரா, கெட்டவரா?" அந்தக் கேள்வியை ஒரு மாதம் மூட்டை கட்டி வையுங்கள். 49 ஆண்டுகள் ஆண்ட முகலாயப் பேரரசர் அவர். காபூலில் தொடங்கி நம் செஞ்சி வரைக்கும் அவருடைய படைகள் நடந்தன. 39 வயதில் அரியணை ஏறி, 88 வயதில் போர்ப் பயணத்தின் நடுவிலேயே கண்மூடினார். இவ்வளவு நீண்ட வாழ்க்கையை ஒரே சொல்லில் அடக்கப் பார்த்தால், அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற சம்பவங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவோம். கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டாம் வாசிப்பில் எனக்குக் கைகொடுத்த வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு நீளத் தாளை மூன்றாக மடியுங்கள்

முதல் மடிப்பில் 1618 முதல் 1658 வரை. இளவரசர் காலம். குஜராத்தின் தாஹோதில் பிறப்பு. தந்தை ஷாஜகான் தன் தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துத் தோற்றபோது, ஏழு வயதுச் சிறுவன் ஔரங்கசீப்பும் அண்ணன் தாராவும் பிணையாகத் தாத்தாவின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார்கள். 1633இல் ஆக்ராவில் யானைச் சண்டை நடந்தபோது மதம்கொண்ட யானை ஒன்று பாய்ந்து வர, 14 வயதில் குதிரைமேல் இருந்தபடி ஈட்டியால் அதை எதிர்கொண்டார். பிறகு இரண்டு முறை தக்காண ஆளுநர், 1647இல் பல்க் போர்முனை, காந்தகாரில் தோல்வி. இதெல்லாம் அரியணைக்கு முன்பே.

இரண்டாம் மடிப்பில் 1658 முதல் 1681 வரை. டெல்லியிலும் ஆக்ராவிலும் இருந்து ஆண்ட வட இந்திய ஆட்சி. மூன்றாம் மடிப்பில் 1681 முதல் 1707 வரை. மராத்தியரையும் தக்காணச் சுல்தான்களையும் ஒடுக்கத் தெற்கே இறங்கியவர் அதன்பின் டெல்லிக்குத் திரும்பவே இல்லை. 26 ஆண்டுகள், கடைசி மூச்சு வரை.

இனி எந்தச் சம்பவத்தைப் படித்தாலும், அது எந்த மடிப்பில் விழுகிறது என்று பார்த்து ஆண்டோடு குறித்துவிடுங்கள். 1659இல் போட்ட உத்தரவையும் 1679இல் போட்ட உத்தரவையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

தேதிகளில் ஒரு கண்ணி உண்டு. அவர் இறந்தது 1707 பிப்ரவரி 20 என்று ஒரு நூலிலும் மார்ச் 3 என்று இன்னொன்றிலும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். முன்னது பழைய ஜூலியன் நாட்காட்டி, பின்னது இன்று நாம் புழங்குகிற கிரிகோரியன். 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம், 1700க்குப் பிறகு பதினொரு நாள். வயதும் அப்படித்தான். நம் கணக்கில் 88, சந்திர ஆண்டுகளை எண்ணும் ஹிஜ்ரி கணக்கில் 91. எண்கள் மோதினால் உடனே எழுத்தாளரைச் சந்தேகிக்காதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: வாரிசுப் போரை மட்டும் தனியாக ஒரு வாரம்

இதை அவசரமாகத் தாண்டினால் பிறகு எதுவும் புரியாது. முகலாயரில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற சட்டம் இல்லை. அரியணை அல்லது பாடை என்று பொருள்படும் பாரசீகச் சொலவடையே அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்தது. ஷாஜகான் தான் பட்டத்துக்கு வந்த 1628இல் தம்பி ஷஹ்ரியாரையும் அண்ணன் பிள்ளைகளையும் கொல்லச் செய்தவர். அதை அறிந்தே வளர்ந்தவர்கள் அவருடைய நான்கு மகன்களும்.

1657 செப்டம்பரில் ஷாஜகான் படுக்கையில் விழுந்தார். மூத்தவர் தாரா தந்தையின் பக்கத்தில், ஷூஜா வங்காளத்தில், ஔரங்கசீப் தக்காணத்தில், முராத் குஜராத்தில். நால்வரும் மும்தாஜ் வயிற்றுப் பிள்ளைகள். 1658 ஏப்ரலில் உஜ்ஜயினிக்கு அருகே தர்மத்தில் ஔரங்கசீப்பும் முராதும் சேர்ந்து ஷாஜகான் தரப்பில் வந்த ஜஸ்வந்த் சிங்கின் படையை முறியடித்தார்கள். மே மாத இறுதியில் ஆக்ராவுக்கு அருகே சமூகர். அங்கே போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரைக்கு மாறினார். தூரத்தில் நின்ற வீரர்களின் கண்ணுக்கு அம்பாரி காலியாகத் தெரிந்தது. தலைவன் மாண்டான் என்று படை கலைந்தது. ஒரு பேரரசின் திசை அந்தக் காலி அம்பாரியில் மாறிப்போனது.

அடுத்து ஆக்ரா கோட்டை. யமுனையிலிருந்து போகும் தண்ணீரை ஔரங்கசீப் அடைத்தார். கோடைகாலம். உள்ளே இருந்த கிழவர் ஷாஜகான் சரணடைந்தார். மகள் ஜஹானாரா துணையிருக்க, 1666இல் சாகும்வரை அதே கோட்டையில் காவலில் இருந்தார். முராதை ஔரங்கசீப் சில வாரங்களிலேயே சிறைப்பிடித்தார்; 1661இல் மரண தண்டனை. ஷூஜா அரக்கானுக்கு ஓடி அங்கே அழிந்தார். தாரா 1659இல் பிடிபட்டு, அழுக்கு யானைமேல் டெல்லித் தெருக்களில் ஊர்வலம் விடப்பட்டார். கடைத்தெருவில் நின்று பார்த்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, ஜனங்கள் கதறி அழுததை எழுதிவைத்திருக்கிறார். சில நாட்களில் தாராவின் தலை விழுந்தது.

தந்தையைச் சிறை வைத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அன்றைய சமய அறிஞர்களிலேயே சிலர் அதை ஏற்கவில்லை. ஆனால் சகோதரர்களைக் கொன்றது அவர் கண்டுபிடித்த வழக்கமல்ல என்பதையும் தாளில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சாட்சிகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் நேரே மூன்று கேள்விகள்: எழுதியவர் நேரில் பார்த்தாரா, எந்த ஆண்டில் எழுதினார், யார் மனம் குளிர எழுதினார்?

முதல் பத்தாண்டுகளுக்கு அரசவை வரலாற்றாசிரியர் முகமது காசிம் இருக்கிறார். அதன்பின் அரசாங்கச் செலவில் வரலாறு எழுதுவதையே ஔரங்கசீப் நிறுத்திவிட்டார். மீதி ஆண்டுகளை, அரசு ஆவணங்களை வைத்து, அவர் இறந்தபின் எழுதி 1710இல் முடித்தவர் சாகி முஸ்தைத் கான். பேரரசரின் பக்தியைப் புகழ்வதே அவருக்கு நோக்கம். காஃபி கான் இன்னும் சில பத்தாண்டுகள் கழித்து எழுதியவர். கதை சொல்வதில் வல்லவர், விமரிசிக்கத் தயங்காதவர்.

எனக்குப் பிடித்தவர் பீம்சேன் சக்சேனா. புர்ஹான்பூர்க்காரர், காயஸ்த இந்து, தல்பத் ராவ் புந்தேலா என்ற தளபதியின் கீழ் வேலை பார்த்தவர். தக்காணப் போரின் சலிப்பையும் பசியையும் அருகிலிருந்து எழுதியிருக்கிறார். செஞ்சி முற்றுகையிலும் இருந்தார். இன்னொருவர் நிக்கோலோ மனுச்சி. வெனிஸ்காரர், சமூகரில் தாராவின் பீரங்கிப் படையில் நின்றவர், பின்னாளில் சென்னைப்பட்டணத்தில் குடியேறி மருத்துவம் பார்த்துக்கொண்டே தன் நினைவுகளை எழுதினார். தாராவின் ஆள் என்பதால் ஔரங்கசீப்மேல் கசப்பு உண்டு. கேட்ட வதந்தியையும் சேர்த்து எழுதுவார். அவரைப் படியுங்கள், ஆனால் வேறொருவர் சொல்லாமல் அவரை மட்டும் நம்பி எதையும் முடிவுகட்டாதீர்கள்.

வாய் பேசாத சாட்சி ஒன்றும் உண்டு: நாணயம். அருங்காட்சியகத்தில் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாயைப் பார்த்தால் சற்று நேரம் நில்லுங்கள். முந்தைய பேரரசர்கள் காசில் பொறித்த கலிமாவை, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியை, அவர் நிறுத்திவிட்டார். கைமாறும் காசில் புனித வாசகம் அசுத்தப்படக் கூடாது என்பது காரணம். அதற்குப் பதிலாக, பூரண நிலவைப் போல உலகில் காசு அடித்தார் ஆலம்கீர் என்று பாரசீகக் கவிதை வரி. ஆலம்கீர் என்பது ஔரங்கசீப்பின் பட்டப்பெயர். தங்கக் காசில் நிலவுக்குப் பதில் சூரியன்! காசில் ஹிஜ்ரி ஆண்டும் ஆட்சியாண்டும் இருக்கும், அச்சடித்த ஊரின் பெயரும் இருக்கும். பாரசீக எண்கள் பத்தையும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். கற்றபின் அந்தக் காசு உங்களோடு பேசத் தொடங்கும்.

நான்காம் படி: சமயக் கொள்கை, இரண்டு பத்திகளையும் அழிக்காமல் படியுங்கள்

இங்கேதான் சண்டை. ஆகவே ஆண்டு வரிசையில் வைக்கிறேன்.

1659இல் காசியின் கோயில் பூசாரிகளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு பர்மான், அதாவது அரசாணை. பழைய கோயில்களை இடிக்கக் கூடாது, புதியவை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். 1667இல் குவாஹாட்டி உமானந்தர் கோயிலுக்கு நில உரிமையை உறுதி செய்த ஆவணம். 1669இல் காசி விசுவநாதர் கோயில் இடிப்பு. 1670இல் மதுராவின் கேசவராய் கோயில் இடிப்பு. 1675இல் சீக்கியரின் ஒன்பதாம் குரு தேக் பகதூருக்கு டெல்லி சாந்தினி சௌக்கில் மரண தண்டனை. இன்று அந்த இடத்தில் சீஸ்கஞ்ச் குருத்துவாரா நிற்கிறது. 1679இல், அக்பர் எடுத்துவிட்ட ஜிஸ்யா வரி முஸ்லிம் அல்லாதவர்மேல் மீண்டும் விதிக்கப்பட்டது.

அதே ஆட்சியில், 1679க்குப் பிந்தைய காலத்தில், உயர்நிலை மன்சப்தார்களில், அதாவது தரவரிசை பெற்ற முகலாய அதிகாரிகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்துக்கள். அக்பர் காலத்தைவிட அதிகம். தக்காணப் போரில் மராத்தியத் தலைவர்களைப் பதவி கொடுத்து இழுத்ததே இதற்கு முக்கியக் காரணம்.

இந்த இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. குவாஹாட்டிக்குக் கொடுத்த நிலம் காசியில் இடித்ததை ஈடுகட்டாது. காசியில் இடித்தது குவாஹாட்டி ஆவணத்தைப் பொய்யாக்காது. கலகம் நடந்த பகுதிகளில் இடிப்புகள் அரசியல் தண்டனையாக நடந்தன என்பது பல வரலாற்றாசிரியர்களின் விளக்கம். மதுராவைச் சுற்றி ஜாட் விவசாயிகள் கிளர்ந்தெழுந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தண்டனை அங்கே கும்பிட்ட ஜனங்களின் நெஞ்சில் விழுந்தது. விளக்கம் சொல்லும்போது அதை மறந்துவிடக் கூடாது.

ஜிஸ்யாவைப் பற்றி ஒரு காட்சி. ஏழைக்கு ஆண்டுக்கு 12 திர்ஹம், நடுத்தர வசதிக்காரருக்கு 24, பணக்காரருக்கு 48. ஏழையின் பங்கு ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பணக்காரருக்கோ அது தூசு. வரி அறிவிக்கப்பட்டதும் டெல்லியின் கடைக்காரர்களும் தொழிலாளிகளும் செங்கோட்டைக்கு முன் கூடினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் வழியையே அடைத்து நின்றார்கள். வழிவிட மறுத்த கூட்டத்தின்மேல் யானைகள் ஏவப்பட்டன, பலர் மிதிபட்டார்கள் என்று எழுதுகிறார் காஃபி கான். வரி நீங்கவில்லை. பேரரசர் இறந்து ஆறாண்டு கழித்து 1713இல்தான் அது போயிற்று.

ஐந்தாம் படி: செஞ்சிக்குப் போங்கள்

படித்தது போதும், இனி நடக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி. காலை வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி அடிவாரத்தில் இருங்கள். தண்ணீர் தாராளமாக வேண்டும், பையைக் குரங்குகளிடமிருந்து காக்க வேண்டும். படிகள் செங்குத்து. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு சிறு பாலம் மட்டும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. பாலத்தில் நின்று கீழே பாருங்கள். ஒரு பேரரசின் படை இங்கே ஏன் ஏழு ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தது என்பதை எந்த நூலைவிடவும் அந்தப் பள்ளம் தெளிவாகச் சொல்லும்.

முன்கதை இது. 1686இல் பீஜப்பூரும் 1687இல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் விழுந்தன. கோல்கொண்டா எட்டு மாதம் தாக்குப்பிடித்து, கடைசியில் லஞ்சம் வாங்கியவன் திறந்த கதவால் வீழ்ந்தது. 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜி பிடிபட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். மராத்தியர் கதை முடிந்தது என்று பேரரசர் நினைத்திருக்க வேண்டும். சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, 1677இல் சிவாஜி பிடித்து வலுப்படுத்தியிருந்த செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராத்திய அரசின் தலைநகரே நம் மண்ணுக்கு வந்துவிட்டது.

1690 செப்டம்பரில் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை இட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றைக் கோத்து ஓடும் மதில். முழுவதையும் வளைக்க ஆள் போதவில்லை. வடகிழக்குப் பருவமழை பாசறையைச் சேறாக்கியது. மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் தானிய வண்டிகளை மறித்தார்கள். காஞ்சிபுரத்தின் முகலாய அதிகாரி அலி மர்தான் கானையே சந்தாஜி பிடித்துப் போனார். போதாக்குறைக்கு, ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியம் பேசிப் பிடிபட்டார். கிழப் பேரரசர் எப்போது கண்மூடுவார், தெற்கில் நமக்கென ஒரு நாடு கிடைக்குமா என்று சுல்பிகர் கானே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அன்றே இருந்தது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. வேலூர் வழியாகத் தப்பி மராட்டிய நாட்டுக்கே போய்விட்டார்.

செஞ்சியில் கேட்கும் கதைகளைத் தாளின் பின்பக்கத்தில் தனியாக எழுதுங்கள். தேசிங்கு ராஜா ஔரங்கசீப்போடு மோதினார் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தேசிங்கின் தந்தை ஸ்வரூப் சிங் முகலாயரிடம் செஞ்சியைப் பெற்ற புந்தேலத் தலைவர். தேசிங்கு மாண்டது 1714இல், ஔரங்கசீப் இறந்து ஏழாண்டுக்குப் பின், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில். கதைப்பாடலின் வீரத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். முகலாயப் படை வருகிற அச்சத்தில் 1688 வாக்கில் பெருமாளின் திருமேனி உடையார்பாளையம் காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டது. 1710இல் திரும்பி வந்ததைக் கோயில் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. வைணவத் துறவி அத்தான் ஜீயர் கேட்டுக்கொள்ள, மூர்த்தியைப் பத்திரமாக மீட்டு வந்தவர் முகலாய ஆட்சியின் கீழ் இங்கே அதிகாரம் பெற்றிருந்த லாலா தோடர்மால். சாமியை ஒளிக்கவைத்த அச்சமும் சாமியைத் திருப்பிக் கொண்டுவந்த கையும் ஒரே ஆட்சியைச் சேர்ந்தவை. ஔரங்கசீப் காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கல்வெட்டு நமக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: கடைசி ஆண்டுகள்

1695இல் இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரி கிருஷ்ணா கரையில் இருந்த பாசறையில் பேரரசரைக் கண்டார். குள்ளமான உடல், பெரிய மூக்கு, முதுமையால் கூன், தடியூன்றிய நடை. மாநிறத் தோலில் வெள்ளைத் தாடி எடுப்பாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே மனுக்களை வாங்கிப் படித்துத் தன் கையாலேயே குறிப்பு எழுதினார், முகத்தில் சிரிப்பு இருந்தது என்கிறார். 76 வயதில் அந்த உழைப்பு. அதே மனிதர்தான் 80 வயது தாண்டியும் சதாரா, பன்ஹாலா, விஷால்கட், சிம்மகட் என்று ஒவ்வொரு மலைக்கோட்டையாக ஏறிக்கொண்டிருந்தார். பிடித்த கோட்டையை, அவர் அடுத்ததற்கு நகர்ந்ததும், ராஜாராமின் மனைவி தாராபாயின் ஆட்கள் மீட்டுக்கொண்டார்கள்.

மகன்களுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் என்று வழங்குபவற்றை இந்த இடத்தில் படியுங்கள், முன்பே படிக்காதீர்கள். வெறுங்கையோடு வந்தேன், பாவச் சுமையோடு போகிறேன் என்ற பொருளில் எழுதுகிறார். அகமதுநகரில் இறந்தவரைக் குல்தாபாதில், சூஃபி ஜைனுத்தீன் ஷீராஸியின் தர்கா வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். மேலே கூரை இல்லை, கல்லறையில் மண்ணும் செடியும்தான். அவர் உயிலாக வழங்கும் ஆவணத்தின்படி, தொப்பி தைத்துச் சேர்த்த 4 ரூபாய் 2 அணாவே சவத்துணிச் செலவு. சுற்றியுள்ள பளிங்குத் தட்டி ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்தது. சிறிது தூரத்திலேயே, அவர் மனைவி தில்ரஸ் பானுவுக்காக எழுந்த பீபி கா மக்பராவுக்கு 6 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவானதாகக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

ஏழாம் படி: 1707க்குப் பின்

அவர் ஜெயித்த நிலமே பேரரசைத் தின்றது. பீஜப்பூர், கோல்கொண்டாப் பிரபுக்களையும் மராத்தியரையும் மன்சப்தார்களாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஆனால் அவர்களுக்குச் சம்பளமாக ஒதுக்க வருவாய் தரும் ஜாகிர் நிலம் போதவில்லை. ஒதுக்கிய நிலத்திலும் போரால் வசூல் இல்லை. ஜாகிர் எப்போது கைமாறுமோ என்று பயந்தவர்கள் குடியானவனைக் கசக்கினார்கள். இந்தச் சங்கிலியை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால், அவர் மதத்தால்தான் பேரரசு விழுந்தது என்ற ஒற்றை விடை உங்களுக்குப் போதாமல் போகும். மகன்கள் மூவர் மீண்டும் மோதி, 63 வயது முஅஸ்ஸம் பட்டம் ஏறினார்.

நம் பக்கத்தில் தடம் நேரடியாகவே இருக்கிறது. சுல்பிகர் கான், தாவூத் கான், சாதத்துல்லா கான் என்று வந்த கர்நாடக நவாப்கள் ஔரங்கசீப்பின் தெற்குப் படையெடுப்பில் பிறந்தவர்கள். இன்றைய ஆற்காடு இளவரசர் குடும்பம் அவர்களுக்குப் பின் வந்த வாலாஜா வழி. தாவூத் கான் 1702இல் சென்னைக் கோட்டையையே மாதக்கணக்கில் அடைத்து நின்றார். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1690களில், முகலாய அதிகாரிகள் கொடுத்துத்தான். 1708இல் தாவூத் கான் கொடுத்த ஐந்து ஊர்களில் நுங்கம்பாக்கமும் திருவொற்றியூரும் உண்டு.

செஞ்சிக்கும் காஞ்சிக்கும் போகும்போது மடித்த தாளையும் ஒரு பென்சிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். 1688, 1698, 1710 மூன்றையும் அந்தந்த இடத்தில் நின்றே குறியுங்கள். மழைக்காலத்தில் ராஜகிரிப் படி வழுக்கும். மார்கழி, தை மாதங்கள் ஏற நல்லவை.